என் விலா எலும்புகளைக் காப்பாற்றிய பென்சில்

அணா ஒழிந்து நயா பைசா வந்த வருஷத்தில் அரசாங்கம் என்னையும் புழக்கத்திலிருந்து நீக்கியது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் சப்-ரிஜிஸ்திராராக இருந்த எனக்கு, ஐம்பத்தைந்து வயது முடிந்த அன்று மாலை, ஒரு ரோஜா மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். சாப்பிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவருக்கும் எனக்குக் கடிகாரம் கொடுக்கத் தோன்றவில்லை. அதை மாட்டுவதற்கு விருதுநகர் வீட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் குணமாகி வந்த பிறகு கடைத்தெருவில் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தி, "மச்சினனுக்கு டி.பி.ன்னு சொல்றாக. அங்கன என்னதான் செய்வாக?" என்று கேட்காத வாரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை வற்றுகிறது. எழுதிவிட்டால் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ரத்தத்தைப் பார்த்ததும் நான் தீர விசாரித்து, அது தொண்டைப் புண் என்று தீர்ப்பு எழுதினேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவும் தொடங்கினேன். என் மனைவி பாக்கியம் பத்திரப் பதிவு படிக்காதவள். என்னை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சிவகாசி சாலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கினாள்.

அங்கே காத்திருக்கும் பெஞ்சில் எல்லோரும் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் நோய், தான் சும்மா துணைக்கு வந்தவன் என்ற பாவனை ஒவ்வொரு முகத்திலும். என் முகத்திலும் அதுவே இருந்திருக்கும். பிறகு சோதனைகள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சளியைச் சிறு டப்பாவில் பிடித்துக் கொடுக்கவேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்திவைத்து, சிவப்பு எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்று பார்ப்பது இன்னொன்று. வேகமாக இறங்கினால் உள்ளே ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். கடைசியில் எக்ஸ்ரே. சட்டையைக் கழற்றி, குளிர்ந்த பலகையைக் கட்டிக்கொண்டு, தாடையை உயர்த்தி, மூச்சை நிறுத்தவேண்டும். ஏற்கெனவே பயத்தில் நின்றுபோயிருந்ததால் எனக்கு அதில் சிரமமில்லை.

டாக்டர் தேவசகாயம் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி எனக்குக் காட்டினார். "இது உங்களப் பார்த்து நிக்கிற ஆள் மாதிரி. உங்க வலது பக்கம் இதுல இடது கைப் பக்கமா வரும். மேல இங்க வளையம் தெரியுதா? அது குழி."

கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வட்டம். முப்பது வருஷம் முத்திரை குத்திய எனக்கு, உள்ளே யாரோ ஒன்று குத்தியிருந்தார்கள்.

மருந்து மூன்று. இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, இது காதுக்குள் வண்டு விடும். கைப்பிடி அளவு விழுங்கவேண்டிய ஒரு கசப்பு மாத்திரை, இது வயிற்றைக் கலக்கும். மூன்றாவது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அது ஒன்றும் செய்யாதது போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் செய்யும். அலுவலகங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலான மருந்து படுத்திருப்பது என்றார் டாக்டர். மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரல் விரிந்து சுருங்குகிறது. நடந்தால், பேசினால், ஓடினால் இன்னும் அதிகமாக. ஆறவேண்டிய புண்ணை அசைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒட்டும்? அசையாமல் படுத்தால் குழியின் ஓரங்கள் தாமாகச் சேரும். சேராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வலது பக்கத்து விலா எலும்புகளில் ஏழெட்டை எடுத்துவிடுவார்கள். நெஞ்சுச் சுவர் உள்ளே அமுங்கி நுரையீரலை அழுத்தும், குழி மூடிக்கொள்ளும். ஆள் பிழைப்பார், ஆனால் ஒரு பக்கம் சரிந்த கூரையாக நடப்பார்.

"அப்ப படுத்தே இருக்கேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது உண்மையாகத்தான் கொடுத்தேன்.

எங்கள் வார்டு நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், அதற்கு அப்பால் வராந்தா. பொறுப்பு எஸ்தர் சிஸ்டருடையது. நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் குடும்பம். ஊசி போடும் கையைவிட வாய் கூர்மை. முதல் வாரத்திலேயே அந்த வார்டில் நடைமுறை என்று ஒன்று இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். யார் கண்ணில் படுகிறாரோ அவருக்கு முதல் ஊசி. கட்டில் எண் வரிசையில் கூப்பிட்டால் என்ன என்று எழுந்துபோய்ச் சொன்னேன். காய்ச்சல் பார்க்கும் குழாயை ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வாயிலிருந்து எடுத்தார். எழுந்துபோய்த் திருப்பி வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் தெற்கு வாசல் வழியாக வந்து வடக்கு வழியாகப் போனால் நெரிசல் குறையும் என்பதை, இரண்டு வாசலிலும் நின்று விளக்கினேன்.

"ஐயா, நீங்க இங்கன நோயாளியா, இல்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கீகளா?" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா சிஸ்டர்?"

"வேணும். போய் ஒழுங்காப் படுங்க."

படுத்தால்தானே தெரியும் அந்த வேதனை. காலை பத்து மணி ஆனதும் வலது கை தானாகப் பேனாவைத் தேடும். அலுவலகத்தில் இந்நேரம் கதவு திறந்திருப்பார்கள், திண்டாடிக்கொண்டிருப்பார்கள், எனக்கு ஆள் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்து வாசலையே பார்ப்பேன். ஒருவரும் திண்டாடவில்லை. ஒரே ஒரு முறை பழைய பியூன் வந்தார், அதுவும் அவருக்கு மூட்டுவலி என்று. இரவில் இருமல் ஒரு கட்டிலில் தொடங்கி அடுத்ததற்குத் தாவி வார்டைச் சுற்றி வரும்போது, நான் பகலில் செய்யவேண்டிய மேற்பார்வைகளைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பேன்.

வீட்டார் பொறுமையாக இருந்தார்கள். சாத்தூரில் ஆசிரியராக இருந்த என் மகன் ஞாயிறுதோறும் அச்சங்குளத்து நாட்டுக்கோழி முட்டைகளை உமியில் புதைத்துச் சைக்கிளில் கொண்டுவருவான். ஒரு முட்டைகூட உடைந்ததில்லை. பில் வந்தால் அப்பாவிடம் காட்டக்கூடாது என்பது அவன் உத்தரவு. கூட்டல் சரிபார்க்க எழுந்துவிடுவேனாம். சொந்தக்காரர்கள் சிலர் வாசற்படிக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தார்கள். பாக்கியம் மட்டும் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தெருவில் நடந்த அத்தனையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கடைசி பஸ்ஸுக்குப் போவாள்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் குழி சற்றுப் பெரிதாகியிருந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "இன்னும் மூணு மாசம் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா அனுப்பிருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாக்கியம் அன்று தெருக்கதை எதுவும் சொல்லவில்லை. என் வலது விலாவின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "ஆபீசுல முப்பது வருசம் ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காத மனுசன். இங்கன படுக்கச் சொன்னா எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறீக. யாரு வெரட்டுறா ஒங்கள?"

மறுநாள் மதியம் எஸ்தர் சிஸ்டர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். சிவகாசி அச்சாபீஸ்களில் பழுதாகிப்போன லேபிள் தாள்கள். ஒரு பக்கம் வரிசை வரிசையாகப் பட்டாசுக் கிளிகளும் தீப்பெட்டி ரோஜாக்களும் ஆகாய விமானங்களும், மறு பக்கம் வெள்ளை. கூடவே பென்சில்களும் பள்ளிப்பிள்ளைகள் தண்ணீரில் குழைக்கும் கலர் வில்லைகளும். அவர் பயிற்சி பெற்ற வடக்கத்திய ஆஸ்பத்திரியில், எழுந்திருக்க முடியாதவர்களை ஒரு வெள்ளைக்காரம்மா படம் வரையச் சொல்வாராம். வேலை போனவர்கள், பெண்டாட்டியை இழந்தவர்கள், கால் இழந்தவர்கள் எல்லாம் வரைவார்களாம்.

"எதுக்கு?" என்றேன்.

"வாயால சொல்ல முடியாதது கையில வருமாம். எனக்கு அம்புட்டெல்லாம் தெரியாது. வரையிற நேரம் எந்திரிக்க மாட்டாக. அது போதும் எனக்கு."

"எனக்கு வரையத் தெரியாது."

"தெரிஞ்சவகளுக்கு நான் ஏன் தாள் குடுக்கப் போறேன்?"

நெஞ்சின்மேல் ஒரு அட்டையை வைத்து, படுத்தபடியே முதலில் ஒரு வட்டம் போட்டேன். அலுவலக முத்திரை. அப்புறம் இன்னொரு முத்திரை. தாள் நிறைந்ததும் அடுத்த நாள் மேஜை, மைக்கூடு, மேலே தொங்கும் விசிறி. அதற்கடுத்த நாள் நாற்காலி. சிஸ்டர் ஊசியைக் கொதிக்கப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆளே இல்லையே ஐயா."

"ரிடையர் ஆயிட்டார்."

"இப்ப யாரு அதுல ஒக்காந்திருக்கா?"

"யாரோ புதுசா ஒருத்தர்."

"அவர வரைங்க."

அந்த மனிதரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். பொறுப்பை ஒப்படைத்த அன்று மரியாதையாக வணக்கம் சொன்னார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆள். ஆகவே அவருக்கு ஆட்டுத்தாடி வைத்தேன், முறம் போன்ற காதுகள் வைத்தேன், மேஜைக்கடியில் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கவிட்டேன். மூக்குக்குச் சிவப்பு வேண்டுமென்று சிஸ்டரிடம் வில்லை கேட்டு வாங்கினேன். முடித்துப் பார்த்ததும் வந்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "சிரிக்கிறதும் அசைவுதான்" என்று சிஸ்டர் தாளைப் பிடுங்கினார். பிடுங்கிப் பார்த்துவிட்டு அவரே தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார்.

விசித்திரம் என்னவென்றால், அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்த பிறகு நான் அங்கே போகவேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணி வந்ததும் போனதும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த வேம்பின் கிளை எத்தனை இடத்தில் மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைக் காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஊசி யாருக்கு முதலில் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு எதிர்க்கட்டிலில் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் மாடசாமி இருந்தார். இனி மருந்து கலக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். முதல் சில வாரங்கள் அவர் தாள் முழுவதையும் கறுப்பாக அடித்துக் கொடுத்தார். பிறகு ஒரு நாள் கறுப்பின் நடுவில் ஒரு வெள்ளாடு நின்றது. மறுநாள் நாலு. அதற்கடுத்த வாரம் தம்பிக்குச் சொல்லியனுப்பி நிஜமாகவே ஆடு வாங்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் எல்லோருக்கும் வாத்தியார் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் பக்கத்துக் கட்டில் சங்கரலிங்கம். சிவகாசியில் லித்தோ ஆர்ட்டிஸ்ட். பட்டாசு லேபிளுக்கான படத்தை வழவழப்பான கல்லின்மேல் மைப்பென்சிலால் வரைவது அவர் தொழில். அந்தக் கல்லிலிருந்துதான் தாளில் அச்சாகும். அவருடைய நோய் அடங்கிவிட்டது, நடமாட அனுமதியும் உண்டு. ஆனால் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டதால் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். தினமும் என் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

"ரிஜிஸ்தர் ஐயா, இது மரமா, வெளக்குமாறா?"

"பார்க்கிறவர் மனசைப் பொறுத்தது."

"என் மனசு சுத்தமாத்தான் இருக்கு."

ஒரு நாள் பாக்கியத்தை ஸ்டூலில் உட்காரவைத்து அவளைப் படம் வரைந்தார். நகை, புருவம், சிரிப்பை அடக்கும் உதடு எல்லாம் அச்சு அசல். ஆனால் ஏதோ உறுத்தியது. பாக்கியம் வாங்கிப் பார்த்தாள்.

"யாரு இவ? சேட்டு வீட்டம்மாவா?"

சேலை முந்தானை வலது தோளில் கிடந்தது. ஒற்றை மூக்குத்தி இடது பக்கம் போயிருந்தது. சங்கரலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடவலம் மாறி விழும். அதனால் இருபத்தைந்து வருஷமாக அவர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றியே வரைந்திருந்தார், எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலவே எழுதியிருந்தார். கை அதற்குப் பழகி, கண்ணும் பழகிவிட்டது.

"இதையும் கல்லுன்னு நெனச்சிட்டேன் அக்கா."

"என்னையவா?" என்றாள் பாக்கியம்.

மூன்று மாதக் கெடு முடிந்தது. ஒரு காலை என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். கழுவிய பிலிம்களை எங்கள் வராந்தாக் கம்பியில் கிளிப் மாட்டிக் காயவிடுவது வழக்கம். டாக்டர் மாலையில்தான் பார்ப்பார். நடைமுறைப்படி நான் காத்திருக்கவேண்டும். மற்றவர்களுக்கு நடைமுறை சொல்வது எளிது.

"ஆர்ட்டிஸ்ட், அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

சங்கரலிங்கம் தொழில்காரருக்குரிய பதவிசோடு, ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்துவந்து, என் தலைமாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"எந்தப் பக்கம் முன்பக்கம்னு பாருங்க" என்றேன். "மூலையில என் நம்பர் இருக்கும். அது நேராப் படிக்கிற மாதிரி பிடிக்கணும்." என் மூக்குக்கண்ணாடி மேஜைமேல் இருந்தது. எட்டி எடுத்தால் அசைவு.

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நம்பர் சுத்தமா நேரா இருக்கு ஐயா."

வலது பக்கம் மேலே பார்த்தேன். வளையம் இல்லை. தெளிவாக, சுத்தமாக இருந்தது. மூச்சு ஒரு நொடி நின்றது, மகிழ்ச்சியில்தான். பிறகு பார்வை அடுத்த பக்கம் போனது. இடது நுரையீரலின் உச்சியில், இதுவரை இல்லாத இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு.

"இது என்ன ஆர்ட்டிஸ்ட்?"

அவர் பிலிமை இறக்கினார். கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நோய் இந்தப் பக்கத்தை விட்டு அந்தப் பக்கம் குடிபோயிருந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் நன்றாக இருந்தால்தான் மறு பக்கத்தில் கத்தி வைப்பார்கள். வலது ஏற்கெனவே அடிபட்டது, இப்போது இடதும் போனால் அறுவை இல்லை. வேறு எதுவும் இல்லை. மாலையில் பாக்கியம் வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் தூக்குவாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"அப்ப வெலா எலும்ப எடுக்க மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"எடுக்க வேணாம்னுதான அம்புட்டு நாளும் சாமியக் கும்பிட்டேன்" என்றாள். "இப்பிடின்னு தெரிஞ்சா எடுக்கச் சொல்லிக் கும்பிட்டிருப்பேனே."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாளை எடுத்தேன். தூக்குவாளியைப் பிடித்திருந்த அவள் விரல்களை வரையத் தொடங்கினேன்.

டாக்டர் தேவசகாயம் பிலிமோடு வந்தார், பின்னால் எஸ்தர் சிஸ்டர். இரண்டு பேர் முகத்திலும் துக்கம் இல்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது.

"மூடிருச்சு" என்றார் டாக்டர். "தழும்பு மட்டும்தான் இருக்கு. அறுவை கிறுவை எதுவும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டா வீட்டுக்குப் போயிரலாம்."

"டாக்டர், மறைக்காதீங்க. இடது பக்கம்?"

"இடது பக்கத்துக்கு என்ன?"

"அங்க ஒரு கோடு இருக்கே."

அவர் பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் போர்வை தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு பிலிமை மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார்.

"இப்படியா பார்த்தீங்க?"

"ஆமா. நம்பர் நேரா இருக்குன்னு ஆர்ட்டிஸ்ட்தான்..."

எஸ்தர் சிஸ்டர் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினார். மூலையில் என் எண் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோலப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. லித்தோக் கண்ணுக்கு அதைவிட நேரான எண் உலகத்தில் இருக்க முடியாது.

"இப்படிப் பார்த்தா இதயம் எந்தப் பக்கம் வருது, சொல்லுங்க" என்றார் டாக்டர்.

பார்த்தேன். "வலது பக்கம்."

"நுரையீரல் மாறினது தெரிஞ்சுது. இதயம் மாறினது தெரியலையா உங்களுக்கு?"

"ரிடையர் ஆனவுக, எடம் மாறியிருக்கும்னு நெனச்சிருப்பாக" என்றார் சிஸ்டர்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தழும்புன்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுய்யா. வலது பக்கம் குழி மூடின தழும்புதான் அந்தக் கோடு. வெளிய வாங்க."

முதலில் சிரித்தவள் பாக்கியம்தான். ஒரு சிறு மூச்சாகத் தொடங்கி, முந்தானையை வாயில் திணித்தும் அடங்காமல், ஸ்டூலில் சரிந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். எதிர்க்கட்டில் மாடசாமிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவரும் சேர்ந்துகொண்டார். முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் பல் எல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை என்பதும் உண்மை.

"எந்திரிங்க" என்றார் டாக்டர், கையை நீட்டி. "வராந்தா வரைக்கும் நடந்து காட்டுங்க. இத்தனை மாசமா அதுக்குத்தானே தவிச்சீங்க?"

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். இவ வாய மூடுறதுக்குள்ள இத முடிச்சிக்கிறேன்."

டாக்டர் கையை இழுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னைய வரையாதீக, வரையாதீக" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். நான் படுத்தபடியே தாளை நேராக வைத்துக்கொண்டு, பற்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், போடத் தொடங்கினேன்.